குழந்தைகளுக்கான ஐக்யூ சோதனை உருவாக்குவதில் ஒரு வாழ்நாளுக்கு என்ன வேலை இருக்கிறது?

உளவியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "குழந்தைகளுக்கான நுண்ணறிவுச் சோதனைகளையும் படிப்புத் திறன் சோதனைகளையும் உருவாக்குவதையே தொழிலாகக் கொண்ட உளவியலாளர்கள் உண்டு என்று படித்தேன். ஒரு சோதனைக்கு நூறு, இருநூறு கேள்விகள் எழுத வேண்டும், அவ்வளவுதானே? அதில் நாற்பது வருடம் செய்ய என்ன இருக்கிறது?"

கேள்வி எழுதுவது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. ஒரு கேள்விக்கு ஒரு குழந்தை தவறாகப் பதில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்வதில்தான் வருடங்கள் போகின்றன. குழந்தைக்குத் தெரியவில்லையா, கேள்வி புரியவில்லையா, அந்த விஷயம் அவள் வீட்டில் யாரும் பேசாத ஒன்றா, சோர்ந்துவிட்டாளா? இந்தச் சாத்தியங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டத் தெரிந்த சோதனைதான் நல்ல சோதனை. பொதுவாகச் சொல்வதைவிட ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அமெரிக்க உளவியலாளர் ஆலன் காஃப்மன். இந்தத் துறையின் ஏறக்குறைய எல்லாச் சண்டைகளும் அவர் மேசை வழியாகவே கடந்து போயிருக்கின்றன.

அவருக்கு முந்தைய கதை சுருக்கமாக. 1904இல் பிரெஞ்சு அரசு, பள்ளிப் பாடத்தில் பின்தங்கும் குழந்தைகளை எப்படி அடையாளம் காண்பது என்று ஆராய ஒரு குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் 30 பணிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். குழந்தையின் அறிவு மாறாத ஒன்று என்ற எண்ணத்தை பினே கடுமையாக எதிர்த்தார். பின்தங்கும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கவே அவர் அந்த அளவுகோலை விரும்பினார். ஆனால் அது அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் வேறு கைகளுக்குப் போனது. 1916இல் லூயிஸ் டெர்மன் ஸ்டான்ஃபோர்டில் செய்த திருத்தத்தோடு (ஸ்டான்ஃபோர்ட்-பினே சோதனை) ஐக்யூ என்ற ஒற்றை எண் அமெரிக்கப் பள்ளிகளில் வேரூன்றியது. பிறகு வந்தவர் டேவிட் வெக்ஸ்லர். 1896இல் ருமேனியாவில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் வந்து, முதல் உலகப் போரில் ராணுவ வீரர்களைச் சோதித்து, பெல்வியூ மருத்துவமனையில் தலைமை உளவியலாளராக இருந்தவர். அவர் 1949இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட விஸ்க் சோதனைதான் இன்றுவரை உலகில் அதிகம் புழங்கும் குழந்தைச் சோதனைக் குடும்பத்தின் மூத்தது.

காஃப்மன் 1944இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல். தார்ன்டைக்கிடம் ஆய்வு செய்து 1970இல் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் கிடைப்பதற்கு முன்பே, 1968இல், வெக்ஸ்லர் சோதனைகளை வெளியிட்டுவந்த சைக்கலாஜிக்கல் கார்ப்பரேஷனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கே ஒரே சமயத்தில் இரண்டு பெரியவர்களின் சோதனைகள் அவர் பொறுப்பில் வந்தன. ஒன்று, குழந்தை மொழி ஆய்வில் பெயர் பெற்ற டொரோதியா மெக்கார்த்தி இரண்டரை முதல் எட்டரை வயதுக் குழந்தைகளுக்காக உருவாக்கி 1972இல் வந்த அளவுகோல்கள். மற்றொன்று விஸ்க்கின் முதல் திருத்தம். 1974இல் வந்த விஸ்க்-ஆர்.

ஒரு சோதனையைத் திருத்துவது என்றால் என்ன என்பதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். தொழிலின் உடல் உழைப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஐக்யூ 100 என்பது எதையும் எண்ணிக் கிடைக்கும் எண் இல்லை. குழந்தையை அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டு, நடுவில் இருப்பவருக்கு 100 என்று வைக்கிறோம். மதிப்பெண்கள் நடுவிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 15. ஆகவே மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். 70க்குக் கீழே சுமார் 2 சதவீதம். இந்த ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமானால், யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது முதல் கேள்வி. 1949 விஸ்க்கின் தரப்படுத்தல் மாதிரியில், அதாவது ஒப்பிடுவதற்காகச் சோதித்த குழுவில், 2,200 குழந்தைகள் இருந்தார்கள். அத்தனை பேரும் வெள்ளையர்கள். கால் நூற்றாண்டு காலம் அமெரிக்காவின் கறுப்பினக் குழந்தைகளும் ஸ்பானிய மொழி பேசும் வீட்டுக் குழந்தைகளும் தங்களைப் போன்ற ஒருவர்கூட இல்லாத கூட்டத்தோடு ஒப்பிட்டு அளக்கப்பட்டார்கள். இதைச் சிறிய தொழில்நுட்பக் குறை என்று கடந்துபோக என்னால் முடியாது. அந்த எண்ணை வைத்துக் குழந்தைகளை வகுப்பு மாற்றினார்கள்.

விஸ்க்-ஆர் மாதிரியிலும் 2,200 குழந்தைகள்தான். ஆறரை வயது முதல் பதினாறரை வயது வரை 11 வயதுக் குழுக்கள், ஒவ்வொன்றிலும் 200 பேர், ஆண் பெண் சரிபாதி. ஆனால் இம்முறை 1970 மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்து, இனம், வட்டாரம், குடும்பத் தலைவரின் தொழில், நகரமா கிராமமா என்று விகிதம் பிரித்துச் சேர்த்தார்கள். சொல்ல எளிது. ஒவ்வொரு குழந்தையோடும் பயிற்சி பெற்ற ஒருவர் தனியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். குழந்தை சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தாள்கள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து மறுபடி மதிப்பெண் சரிபார்க்கப்பட வேண்டும். இன்ன தொழில் செய்யும் அப்பாவின் பன்னிரண்டு வயதுப் பெண், இன்ன வட்டாரத்துக் கிராமத்தில் வேண்டும் என்றால், அப்படி ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, பெற்றோரிடம் சம்மதம் வாங்கி, பள்ளியில் ஒரு அமைதியான அறையைப் பிடிக்க வேண்டும்.

அதற்கு முன்பே கேள்விகள் தேறியிருக்க வேண்டும். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கும் சாதாரணக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதைச் சில நூறு குழந்தைகளிடம் கேட்டுப் பார்ப்பார்கள். வயது கூடக் கூடச் சரியாகச் சொல்பவர்களின் விகிதம் ஏறுகிறதா? மொத்தத்தில் நன்றாகச் செய்கிற குழந்தைகள் இதையும் சரியாகச் சொல்கிறார்களா, இல்லை இதில் மட்டும் தடுமாறுகிறார்களா? ஒரே திறன் உள்ள இரண்டு குழந்தைகள், வேறுவேறு சமூகப் பின்னணி. ஒருவருக்கு இது எளிதாகவும் மற்றவருக்குக் கடினமாகவும் இருக்கிறதா? இருந்தால் அந்தக் கேள்வி சந்தேகத்துக்குரியது. அடுத்து மதிப்பெண். "சரி", "தவறு" என்று எல்லாப் பதிலும் நிற்காது. பாதி சரி என்று ஒரு பெரும் பகுதி உண்டு. குழந்தைகள் உண்மையில் சொன்ன பதில்களைக் குவித்து, எதற்கு 2, எதற்கு 1, எதற்கு 0 என்று கையேட்டில் எழுத வேண்டும். வேறுவேறு ஊரில் இருக்கும் இரண்டு பேர் அந்தக் கையேட்டைப் பார்த்து ஒரே பதிலுக்கு ஒரே மதிப்பெண் போட வேண்டும். போடவில்லையென்றால் கையேட்டை மறுபடி எழுத வேண்டும். எந்தக் கேள்வியில் தொடங்குவது, தொடர்ந்து எத்தனை தவறினால் நிறுத்துவது என்பதும் இப்படித்தான் முடிவாகிறது. சீக்கிரம் நிறுத்தினால் குழந்தைக்குத் தெரிந்தது வெளிவராமல் போகும். தாமதித்தால் தொடர்ந்து தோற்கும் குழந்தை மனம் விட்டுவிடும்.

காஃப்மன் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் நீதிமன்றங்களும் விழித்துக்கொண்டன. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1971இல் கறுப்பினக் குழந்தைகளின் பெற்றோர் தொடுத்த லாரி பி. வழக்கு 1979இல் தீர்ப்பானது. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று சொல்லித் தனி வகுப்பில் போட, கறுப்பினக் குழந்தைகளுக்கு ஐக்யூ சோதனை வைக்கக் கூடாது என்று நீதிபதி ராபர்ட் பெக்கம் கலிஃபோர்னியாவுக்கு உத்தரவிட்டார். அடுத்த ஆண்டே சிகாகோவில் ஏறக்குறைய இதே கேள்வி நீதிபதி ஜான் கிரேடி முன் வந்தது. அவர் செய்தது யாரும் எதிர்பாராதது. சோதனைகளின் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தானே படித்து, தீர்ப்பிலேயே வெளியிட்டு, ஒவ்வொன்றும் நியாயமா என்று எடைபோட்டார். விஸ்க், விஸ்க்-ஆர் இரண்டிலும் சேர்த்து எட்டுக் கேள்விகளையும் ஸ்டான்ஃபோர்ட்-பினேயில் ஒன்றையும் தவறானவை அல்லது சந்தேகத்துக்குரியவை என்று சொல்லி, மொத்தத்தில் சோதனைகள் பாரபட்சமானவை இல்லை என்று முடித்தார்.

அந்த எட்டில் ஒன்றைச் சொல்கிறேன்: உன்னைவிட மிகவும் சிறிய பையன் உன்னோடு சண்டைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்? திருப்பி அடிக்கக் கூடாது என்பதுதான் மதிப்பெண் தரும் பதில். அடிக்கு அடி கொடுக்காவிட்டால் நாளைக்குத் தெருவில் நடக்க முடியாது என்ற சூழலில் வளரும் பையன் "அடிப்பேன்" என்கிறான். பூஜ்யம். அவன் தன் உலகத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறான். சோதனை அதைப் புரியாமை என்று பதிவு செய்கிறது. ஸ்டான்ஃபோர்ட்-பினேயில் அவர் குறிப்பிட்டது இன்னும் வெளிப்படையானது: இரண்டு முகங்களைக் காட்டி எது அழகு என்று குழந்தையைக் கேட்பது. இப்படிப்பட்ட கேள்விகள் எத்தனையோ வல்லுநர்களின் கண்ணைத் தாண்டிப் பல வருடம் பள்ளிகளில் இருந்தன என்பதை, இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கிடையே 1975இல், குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளியில் இலவசக் கல்வி என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. குழந்தையின் தாய்மொழியில் சோதிக்க வேண்டும், எந்த ஒற்றைச் சோதனையையும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்ற விதிகளும் அதனுடன் வந்தன. பள்ளிகளுக்கு உளவியலாளர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். காஃப்மன் 1974இல் நிறுவன வேலையை விட்டு ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குப் போய் அவர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார்.

அங்கிருந்து 1979இல் வந்த அவருடைய நூல், விஸ்க்-ஆர் சோதனையை எப்படி அறிவோடு பயன்படுத்துவது என்பதைப் பற்றியது. அதன் வாதத்தை என் சொற்களில் சொன்னால்: மொத்த ஐக்யூவோடு நிறுத்தாதே. எந்தப் பகுதியில் குழந்தை உயர்ந்தாள், எதில் சரிந்தாள் என்று பார். சரிவுக்கு என்ன காரணம் இருக்கலாம் என்று யோசி. அந்த யோசனையை வகுப்பறைக் கவனிப்பு, ஆசிரியர் சொல்வது, வேறு சோதனைகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார். ஒத்துவராவிட்டால் விட்டுவிடு. இரண்டு குழந்தைகளுக்கும் 88 என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி பட வேலைகளில் மிக நன்றாகச் செய்து, பேச்சு சார்ந்தவற்றில் மட்டும் தாழ்ந்திருக்கிறாள்; வீட்டில் பேசுவது வேறு மொழி. இன்னொருவன் எல்லாவற்றிலும் சுமாராகச் செய்து, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதிலும் மனக்கணக்கிலும் மட்டும் விழுந்திருக்கிறான். சோதனை முழுக்க நாற்காலியில் உட்காரவே இல்லை. இருவருக்கும் ஒரே அறிக்கை எழுதுகிறவர் சோதனையை வீணாக்கிவிட்டார்.

இந்த அணுகுமுறைக்கு வலுவான எதிர்ப்பு வந்தது. சிறு பகுதிகளின் மதிப்பெண்கள் நிலையானவை அல்ல, அவற்றின் ஏற்ற இறக்கத்தில் அர்த்தம் தேடுவது ஆபத்து என்று 1990இல் பால் மெக்டெர்மட்டும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். புள்ளிவிவர நோக்கில் அவர்கள் பக்கம் நியாயம் அதிகம். பத்து பகுதிகள் இருந்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே மேலும் கீழும் போகும். ஆனால் காஃப்மன் சொன்னதை அரைகுறையாகப் படித்துவிட்டு, சரிபார்க்கும் பாதியை விட்டுவிட்டவர்களால்தான் பெரும்பாலான தீங்கு விளைந்தது என்பது என் கருத்து. மதிப்பெண் ஒரு சந்தேகத்தைக் கிளப்பலாம். அந்தச் சந்தேகத்தை அதே மதிப்பெண்ணால் நிரூபிக்க முடியாது.

ஜார்ஜியாக் காலத்தின் இன்னொரு சிறு ஆய்வு எனக்கு அந்த நூலைவிடவும் முக்கியமாகப் படுகிறது. 1978இல் வந்தது. மழலையர் வயதுக் குழந்தைகளுக்கான சோதனைகளில் கேள்வியை விட்டுவிட்டு, கேள்விக்கு முன்னால் பெரியவர் சொல்லும் அறிவுறுத்தலை அவர் ஆராய்ந்தார். "இதற்கு அடுத்தது", "எல்லாவற்றையும்", "வேறுபட்டது", "நடுவில்" என்று அடிப்படைக் கருத்துச் சொற்கள் அந்த அறிவுறுத்தல்களில் நிறைந்திருந்தன. அந்தச் சொல்லே இன்னும் பிடிபடாத நான்கு வயதுக் குழந்தை புதிரைத் தொடங்கும் முன்பே தோற்றுவிடுகிறாள். நாம் அளந்தது புதிர் போடும் திறனை என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

இந்தக் கவலைகள் எல்லாம் சேர்ந்துதான் 1983இல் கே-ஏபிசி என்ற குழந்தைகளுக்கான புதிய சோதனை ஆனது. இதில் ஆலனுக்குச் சம பங்காளி அவர் மனைவி நடீன் காஃப்மன். கற்றல் குறைபாடுகளில் நிபுணர். ஆலன் எண்களின் பக்கத்திலிருந்து வந்தார் என்றால் நடீன் படிக்கத் திணறும் குழந்தைகளின் பக்கத்திலிருந்து வந்தார். அந்தச் சோதனையில் இரண்டுமே தெரியும்.

முதலில், அதற்கு ஒரு கோட்பாடு இருந்தது. வெக்ஸ்லர் சோதனை அனுபவத்தில் விளைந்தது. ராணுவச் சோதனைகளிலிருந்து உதவியவற்றை எடுத்துக் கோத்தது. காஃப்மன் தம்பதி ரஷ்ய நரம்பு உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியாவிடம் போனார்கள். போரில் மூளையில் காயம்பட்டவர்களை ஆராய்ந்த லூரியா, மூளை தகவலை இரண்டு விதமாகக் கையாள்கிறது என்று பிரித்துக் காட்டியிருந்தார்: ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்துக் கையாள்வது, பல துணுக்குகளை ஒரே நேரத்தில் ஒரு முழுமையாகப் பார்ப்பது. தொலைபேசி எண்ணை நினைவில் வைப்பது முதல் வகை. ஒரு முகத்தைப் பார்த்த உடனே அடையாளம் காண்பது இரண்டாவது. கே-ஏபிசியில் சோதிப்பவர் மேசையில் முஷ்டி, உள்ளங்கை, கைப்பக்கம் என்று ஒரு வரிசையில் தட்ட, குழந்தை அதையே திருப்பிச் செய்யும் ஒரு பகுதி உண்டு. அது லூரியாவின் பரிசோதனை அறையிலிருந்து வந்தது. அரைகுறை மைக்கோடுகளைப் பார்த்து இது என்ன படம் என்று சொல்வது இன்னொன்று. இரண்டிலும் குழந்தைக்குப் பள்ளி அறிவு தேவையில்லை.

இரண்டாவது, சொல்லகராதி, பொது அறிவு, கணக்கு, வாசிப்பு ஆகியவற்றை நுண்ணறிவு மதிப்பெண்ணிலிருந்து எடுத்து, "அடைவு" என்று தனிப் பிரிவில் வைத்தார்கள். 16 பகுதிகளில் 6 அங்கே போயின. மேலோட்டமாக இது வெறும் இடமாற்றம். ஆனால் குழந்தை இதுவரை கற்றதை அவள் கற்கும் திறன் என்று எழுதக் கூடாது என்ற ஒரு தீர்மானம் அதில் இருக்கிறது. நல்ல பள்ளி கிடைக்காதவளுக்கு அந்தக் குறையை மூளையின் குறையாக எழுதிவிடக் கூடாது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு திறன் பகுதியிலும் முதல் சில உருப்படிகளில் (தனித்தனிக் கேள்விகளில்) குழந்தை தவறினால், சோதிப்பவர் கற்றுக்கொடுக்கலாம். வேறு சொற்களில், சைகையில், குழந்தையின் வீட்டு மொழியிலும்கூட. என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று குழந்தைக்குப் புரிந்த பிறகுதான் அளவு தொடங்குகிறது. 1978 ஆய்வில் கண்ட சிக்கலுக்கு நேரடித் தீர்வு இது. சோதனை என்றால் உதவக் கூடாது என்ற இறுகிய பழக்கத்தில் வளர்ந்த ஒரு துறையில் இதைச் செய்ய உறுதி வேண்டும்.

வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே விஸ்க்-ஆரில் சுமார் 15 புள்ளி இருந்த சராசரி வேறுபாடு கே-ஏபிசியின் திறன் அளவில் ஏறக்குறைய பாதியானது. இது பெரும் செய்தியானது. உடனே சண்டையும் வந்தது. எல்லாத் திறன்களுக்கும் பொதுவாக அடியில் இருப்பதாகக் கருதப்படும் பொது நுண்ணறிவைக் குறைவாக அளப்பதால்தான் இடைவெளி குறைகிறது என்றார் உளவியலாளர் ஆர்தர் ஜென்சன். நீங்கள் "வரிசை" என்பது வெறும் சொல்நினைவு, "முழுமை" என்பது சொல்லில்லாப் பகுத்தறிவு, பெயர்தான் புதிது என்றார்கள், எந்தப் பகுதிகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று கணக்கிடும் காரணிப் பகுப்பாய்வு செய்தவர்கள். 1984இல் சிறப்புக் கல்வி ஆய்விதழ் ஒன்று இந்த விவாதத்துக்கே ஓர் இதழை ஒதுக்கியது. இரண்டாவது விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. நினைவுப் பகுதிகள் அதில் அதிகம். பெரிய குழந்தைகளின் சிக்கலான சிந்தனைக்குப் போதிய இடம் இல்லை. முதலாவதை நான் ஏற்கவில்லை. சமமான வாய்ப்பில்லாத குழந்தைகளிடம் பாட அறிவைக் கேட்டு அதைத் திறன் என்று அழைத்தால் இடைவெளி விரியத்தான் செய்யும். அந்த விரிவைச் சோதனையின் தரத்துக்குச் சான்றாகக் கொள்வது சுற்றிவளைத்த வாதம்.

இனி படிப்புத் திறன் சோதனை. ஐக்யூவுக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை, ஆனால் வகுப்பறைக்கு அதிகம் பயன்படுவது இதுதான். காஃப்மன் தம்பதியின் கே-டிஇஏ 1985இல் வந்தது: சொற்களை வாசித்தல், வாசித்துப் புரிந்துகொள்ளல், கணக்குச் செய்தல், கணக்கைப் பயன்படுத்துதல், எழுத்துக்கூட்டல். அதன் சிறப்பு பிழைப் பகுப்பாய்வு. 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 25 என்று எழுதுகிறாள். தவறு என்று போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அந்த 25 தானாக வரவில்லை. பத்தாம் இடத்தில் 5இலிருந்து 3; ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2. பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்ற ஒரு விதியை அவள் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள். அவளுக்குக் கடன் வாங்கிக் கழிப்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். பக்கத்தில் இருப்பவன் 16 என்று எழுதியிருந்தால் அவன் சிக்கல் வேறு, எண்ணுவதில் நழுவியிருக்கிறான். இருவருக்கும் ஒரே பூஜ்யம், வேறுவேறு பாடம். தவறுகளை இப்படி வகை பிரித்து, அந்த வகுப்புக் குழந்தைகள் சாதாரணமாக எத்தனை தவறு செய்வார்கள் என்ற கணக்கையும் சோதனையே தருமாறு கட்டுவது பெரிய உழைப்பு.

நுண்ணறிவுச் சோதனையையும் படிப்புச் சோதனையையும் ஒரே குழந்தைகளிடம் வைத்துத் தரப்படுத்துவது அடுத்த படி. 2004இல் கே-ஏபிசி, கே-டிஇஏ இரண்டின் இரண்டாம் பதிப்புகளும் அப்படி வந்தன. ஏன் தேவை? ஒரு குழந்தையின் திறன் மதிப்பெண் 130, வாசிப்பு 115 என்று வையுங்கள். 15 புள்ளி இடைவெளி, கற்றல் குறைபாடு என்று அவசரப்பட்டு எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் இரண்டு மதிப்பெண்களுக்கும் உள்ள புள்ளியியல் தொடர்பு (முழுத் தொடர்பு என்றால் 1) 0.7 என்றால், 130 எடுக்கும் குழந்தைகளின் சராசரி வாசிப்பு 130 ஆக இருக்காது, 121தான். இவளுடைய இடைவெளி 6, சாதாரணமானது. இந்தக் கணக்கைப் போட, இரண்டும் ஒரே குழந்தைகளிடமிருந்து வந்த எண்களாக இருக்க வேண்டும். வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு குழந்தைகளிடம் அளந்த எண்களைக் கழித்தால் வருவது குழந்தையின் இடைவெளியா, மாதிரிகளின் இடைவெளியா என்று சொல்ல முடியாது. இடைவெளியை மட்டும் வைத்துக் கற்றல் குறைபாட்டை முடிவு செய்யும் முறையே பலவீனமானது என்று பிறகு துறை உணர்ந்தது; 2004 சட்டத் திருத்தத்துக்குப் பின் அமெரிக்க மாநிலங்கள் அதைக் கட்டாயப்படுத்த முடியாது.

சோதனை வெளியானால் வேலை முடிந்ததா? அதற்கும் வழியில்லை. 1984இல் ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர், ஒரே ஆட்கள் பழைய சோதனையையும் புதியதையும் எழுதிய தரவுகளைத் திரட்டி, பழையதில் எப்போதும் மதிப்பெண் கூடுகிறது என்று காட்டினார். அமெரிக்காவில் பத்து ஆண்டுக்குச் சுமார் 3 புள்ளி. அதாவது 15 ஆண்டு பழைய சோதனையில் ஒரு குழந்தை நான்கைந்து புள்ளி அதிகம் எடுப்பாள். 70 என்ற கோட்டின் அருகில் நிற்கும் குழந்தைக்கு அந்தப் புள்ளிகள்தான் சிறப்புக் கல்வி உதவி கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கின்றன. அதனால்தான் விஸ்க் 1974, 1991, 2003, 2014 என்று மறுபடி மறுபடி தரப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் புதிய மாதிரி, புதிய கேள்விகள், அதே நீண்ட உழைப்பு. உங்கள் நாற்பது வருடக் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிடுகிறது.

2004இல் வந்த கே-ஏபிசியின் இரண்டாம் பதிப்பில் தங்கள் விமர்சகர்களிடமிருந்து அந்தத் தம்பதி கற்றது தெரிகிறது. வயது 3 முதல் 18 வரை நீண்டது. மாதிரி 3,025 பேர். திட்டமிடல், கற்றல் என்ற அளவுகள் சேர்ந்தன. ஒரு பகுதியில் கற்பனை மீன்களுக்கும் செடிகளுக்கும் சிப்பிகளுக்கும் பொருளற்ற பெயர்களைச் சொல்லிக்கொடுத்து, குழந்தை எவ்வளவு பிடித்துக்கொள்கிறாள் என்று பார்க்கிறார்கள். யாரும் முன்பே கேட்டிராத பெயர்கள் என்பதால், எந்த வீட்டிலிருந்து வந்தாலும் கற்றல் அந்த மேசையில்தான் தொடங்குகிறது. அதோடு, சோதனை வைக்கும் முன்பே உளவியலாளர் ஒரு தேர்வு செய்ய வேண்டும்: மொழி அறிவையும் பொது அறிவையும் சேர்த்து மதிப்பிடுவதா, விட்டுவிடுவதா. வேறு மொழி, வேறு பண்பாட்டில் வளரும் குழந்தைக்கு விட்டுவிடலாம். அந்த முடிவு மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு எடுக்கப்படுவதில்லை என்பது முக்கியம்.

இந்த வாழ்க்கைப் பாதையில் ஆசிரியர் பணியும் ஒரு பெரும் பகுதி. காஃப்மன் ஜார்ஜியாவுக்குப் பின் அலபாமா பல்கலைக்கழகத்திலும், 1997 முதல் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையத்திலும் இருந்தார். அவர் மாணவர்கள் சொந்தமாகச் சோதனை உருவாக்குபவர்கள் ஆனார்கள். புரூஸ் பிராக்கன் அந்த அடிப்படைக் கருத்துச் சொற்களுக்கே ஓர் அளவுகோல் செய்தார். செசில் ரெனால்ட்ஸ் குழந்தைகளின் நடத்தையை மதிப்பிடும் சோதனைக்குப் பெயர் பெற்றார். ஜாக் நாக்லியேரி, ஒடிசாவில் 1931இல் பிறந்து கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜே.பி. தாஸுடன் சேர்ந்தார். தாஸ் கே-ஏபிசிக்கு முன்பே, 1975இல், லூரியாவின் கருத்தை நுண்ணறிவுக் கொள்கையாக முன்வைத்தவர். திட்டமிடல், கவனம், முழுமை, வரிசை என்ற நான்கையும் அளக்கும் அவர்கள் சோதனை 1997இல் வெளியானது. நம் மாணவர்கள் வெக்ஸ்லரைப் படிக்கும் அளவுக்கு தாஸைப் படிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

நீங்கள் இந்தத் துறைக்கு வர விரும்பினால், புள்ளியியலை எவ்வளவு ஆழமாகக் கற்க முடியுமோ அவ்வளவு கற்றுக்கொள்ளுங்கள். உருப்படிப் பகுப்பாய்வும் காரணிப் பகுப்பாய்வும் கைவர வேண்டும். கூடவே, குழந்தைகளுக்குச் சோதனை வைக்கும் வேலையை நீண்ட காலம் செய்யுங்கள். கேள்வி புரியாத குழந்தையின் முகத்தையும் பதில் தெரியாத குழந்தையின் முகத்தையும் வேறுபடுத்தத் தெரியாதவர் எழுதும் கேள்விகள் கணிப்பொறியில் நன்றாகத் தேறி, வகுப்பறையில் தோற்கும். எந்தச் சோதனை கையில் கிடைத்தாலும், மதிப்பெண் அட்டவணைக்குப் போகும் முன் கையேட்டில் தரப்படுத்தல் பற்றிய அத்தியாயத்தைப் படியுங்கள்: எந்த ஆண்டு, எத்தனை குழந்தைகள், எந்த மொழி பேசும் வீடுகள், உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் போன்றவர்கள் அதில் எத்தனை பேர். கடைசிக் கேள்விக்கு அங்கே பதில் இல்லையென்றால், அதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.